கிழக்கே ஒரு நாள் தூரம்

மரக்காணம் உப்பளக்காரர் தாண்டவராயனுக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் கடல் ஆசை பிடித்தது. உப்பளத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு ஒரு பாய்மரப் படகை வாங்கினார். நல்ல படகு. இரண்டு பேர் படுக்க இடம், ஒரு சின்ன அடுப்பு, காற்று இல்லாத நேரத்துக்கு ஓர் இயந்திரம், எல்லாம் இருந்தன. ஓட்டத்தான் அவருக்குத் தெரியாது.

புதுச்சேரித் துறைமுகத்தில் வெரோனிக்கா என்றொரு பெண் இருந்தார். நாற்பது வயது இருக்கும். பாய்மரப் படகுகளை ஒரு நாட்டிலிருந்து ஓட்டி இன்னொரு நாட்டில் கொண்டுபோய் ஒப்படைப்பது அவர் தொழில். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் கேப்டனம்மா. தாண்டவராயன் அவர் முன்னால் போய் நின்றார்.

“என்னைவிடப் பெரியவரா இருக்கீங்க,” என்றார் கேப்டனம்மா. “திட்டினா தாங்குவீங்களா?”

“உப்பளத்துல நான் திட்டாத திட்டா? நீங்க சொல்லிக் குடுங்க.”

“எங்க போகணும்?”

“போர்ட் பிளேர். மகளை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கேன். பேத்தி பொறந்திருக்கா. காதுகுத்துக்கு என் படகுல போய் எறங்கணும்.”

கேப்டனம்மா கிழக்கே திரும்பிப் பார்த்தார். வங்கக் கடலைக் குறுக்கே தாண்ட வேண்டும். காற்று ஒத்துவந்தால் ஒரு வாரம்.

“மொதல்ல எதைக் கத்துக்கணும்னு நினைக்கறீங்க?”

தாண்டவராயன் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். “புயல்ல படகை எப்படி ஓட்டறது, அதை.”

“தெரியாது.”

“இவ்ளோ வருஷம் கடல்ல இருந்திருக்கீங்க?”

“அதனாலதான் தெரியல.”

“புயல்ல மாட்டினதே இல்லையா?”

“ஒரு தடவை மாட்டினேன். அன்னைக்குப் படகை நான் ஓட்டல அண்ணே. அது என்னை ஓட்டிச்சு.”

தாண்டவராயன் சிரித்தார். கேப்டனம்மா சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

பாடம் மறுநாள் தொடங்கியது. பாய் ஏற்ற, இறக்க, காற்று கூடும்போது பாயைச் சுருக்க, சுக்கானை இறுக்கிப் பிடிக்காமல் பிடிக்க, ஒவ்வொன்றாகக் கற்றார். கை காய்த்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. மச்சினன் குணாளனுக்கு உள்ளங்கையைப் படம் பிடித்து அனுப்பினார்.

குணாளனுக்குச் செங்கல்பட்டில் பாத்திரக் கடை. வாய் கொஞ்சம் நீளம். “மாமா, படகைத் தொழுவத்துல கட்டின மாடு மாதிரி கட்டியே வச்சிருக்கீங்களே. பால் எதுனா கறக்குதா?” என்று பதில் வந்தது.

அதனால்தான் ஆவணியில் மாமல்லபுரம் வரை ஓட்டிப் போவதென்று முடிவானதும் தாண்டவராயன் முதலில் குணாளனுக்குச் சொன்னார். குணாளன் பிரியாணி அண்டாவும் குடும்பமுமாகக் கடற்கரையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டது. கடல் துவைத்து விரித்த துணி மாதிரி கிடந்தது. தாண்டவராயன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“திரும்புங்க,” என்றார் கேப்டனம்மா.

“எங்க?”

“புதுச்சேரிக்கு.”

“ஏன், என்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“கரை தெரியுதே கேப்டனம்மா! பிரியாணியோட நிக்கறாங்க.”

“ஆமா, வாசனைகூட வருது. திரும்புங்க.”

அவர் திரும்பினார். திருப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குள் கைபேசி அடித்தது.

“மாமா, படகு மூஞ்சியைக் காட்டுச்சு, இப்ப முதுகைக் காட்டுதே. நீங்கதான் ஓட்டறீங்களா, இல்ல அதுவே வீட்டுக்குப் போவுதா?”

“வைடா போனை.”

அதன் பிறகும் இப்படி நடந்தது. ஒரு நாள் காரைக்காலை நெருங்கும்போது நடந்தது. இன்னொரு நாள் அவருடைய சொந்த ஊர் மரக்காணத்துக்கு நேராக, உப்பளத்து ஆட்கள் கரையில் நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருக்கும்போது நடந்தது. சில நாள் கேப்டனம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். அன்றைக்குப் போய் இறங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். எந்த நாள் அந்தச் சொல் வரும் என்று கண்டுபிடிக்க முடியாததுதான் தாண்டவராயனை அரித்தது. வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், கேப்டனம்மாவின் முகத்தையும் பார்த்தார். மூன்றிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“புயலுக்குப் பாடம் கேட்டா, திரும்பறதுக்குப் பாடம் எடுக்கறீங்க,” என்றார் ஒரு நாள், பொறுக்க முடியாமல்.

“கஷ்டமானதை மொதல்ல முடிச்சிடலாம்னு பாக்கறேன்.”

“இதுல என்னா கஷ்டம்? சுக்கானைத் தள்ளினா திரும்பிடப் போவுது.”

“அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கறீங்க?”

அடுத்த முறை தாண்டவராயன் முகத்தைத் தூக்காமல் திரும்பப் பார்த்தார். அது பாய் சுருக்குவதைவிடச் சிரமமாகத்தான் இருந்தது.

காதுகுத்தைக் கார்த்திகையில் வைத்திருந்தார்கள். ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டது. அலை தடுப்புச் சுவரில் ஏறி அடித்தது. மாதக் கடைசியில் ஒரு காலை, வானம் வெளுத்ததும் தாண்டவராயன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“கேப்டனம்மா, வழி கெடைச்சிடுச்சு. பாருங்க. ரெண்டு மழைக்கு நடுவுல நல்லா ஓர் இடைவெளி இருக்கு. நாளைக்குக் கிளம்பினா புகுந்து போயிடலாம்.”

அவருடைய கைபேசியில் வானிலை பார்க்க ஐந்து செயலிகள் இருந்தன. அவர் நீட்டியது ஐந்தாவது.

“மத்த நாலும் என்னா சொல்லுது?”

“ஒண்ணு சுழி காட்டுது. ஒண்ணு பெருங்காத்துன்னுது. மத்த ரெண்டும் பட்டும் படாம சொல்லுது.”

“இது?”

“இதுதான் தெளிவா சொல்லுது, போலாம்னு.”

கேப்டனம்மா கைபேசியை வாங்கி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். “ஜவுளிக் கடையில பொடவை எடுக்கற மாதிரி எடுத்திருக்கீங்க.”

“அப்ப எதைத்தான் நம்பறது?”

“இருக்கறதுலயே மோசமானது எது?”

“இந்தச் சுழி.”

“அது நிஜமாவே வந்தா போவீங்களா?”

“போக மாட்டேன்.”

கைபேசி திரும்பி அவர் கைக்கு வந்தது. தாண்டவராயன் விடுவதாக இல்லை. “மேல பாருங்க கேப்டனம்மா. வெயில் அடிக்குது. கண்ணு கூசுது.”

“ஆமா. உப்பளத்துல இன்னைக்குப் பாத்தி மிதிச்சு உப்புக்குத் தயார் பண்ணச் சொல்லிட்டீங்களா?”

“இப்பயா? யாராவது இப்ப மிதிப்பாங்களா?”

“ஏன், வெயில்தான் அடிக்குதே.”

“அது...” தாண்டவராயன் நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அது ஐப்பசி வெயிலு.”

கேப்டனம்மா ஒரு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். தாண்டவராயன் தள்ளிப் போய் மகள் தேன்மொழிக்குப் போன் செய்து, காதுகுத்தை மாசிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். மகள் மாமியாரிடம் கேட்டு, மாமியார் ஜோசியரிடம் கேட்டு, மாசியில் நாள் குறித்தார்கள்.

கார்த்திகை பிறந்ததுமே ஒரு புயல் வந்தது. அவர் புகுந்து போகப் பார்த்த அதே இடைவெளி வழியாக வந்தது. துறைமுகத்தில் படகைக் கட்டியிருந்த கயிறுகளில் இரண்டு அறுந்தன. தாண்டவராயன் குணாளனுக்குப் போன் போட்டார். “பார்த்தியாடா? போயிருந்தா இந்நேரம் எனக்கு மாலை போட்டிருப்பே.” அந்த ஒரு வாரமும் அவர் நடையில் ஒரு மிதப்பு இருந்தது.

தை பிறந்தது. மழை ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து காற்று ஒரே சீராக வீசியது. போர்ட் பிளேரிலிருந்து பத்திரிகை வந்தது. தேதி, நேரம், மண்டபம் எல்லாம் போட்டு, கீழே சம்பந்தி தன் ஆசையாக ஒரு வரி சேர்த்திருந்தார்: தாத்தா பாய்மரப் படகில் வருகிறார்.

கேப்டனம்மா அதை இரண்டு முறை படித்தார்.

“எப்ப வருவீங்கன்னு யாராவது கேட்டா, வந்ததும் சொல்றேன்னு சொல்லச் சொன்னேனே.”

“பத்திரிகைன்னா தேதி இல்லாம அடிப்பாங்களா கேப்டனம்மா? எனக்காக ஒரு தடவை மாத்தியாச்சு. இன்னொரு தடவை எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுக் கேக்கறது?”

“கடல் பத்திரிகை படிக்காது அண்ணே.”

ஆனாலும் பருவம் சரியாக இருந்தது. இந்த முறை ஐந்து செயலிகளும் ஒரே மாதிரி பேசின. இருப்பதில் மோசமானதைக்கூடப் படகு தாங்கும். கேப்டனம்மா கூட வருவதாகச் சொன்னார். தண்ணீர், அரிசி, ரவை, மருந்து, உயிர்காப்பு உடை, எல்லாம் ஏறின. தாண்டவராயனின் மனைவி அஞ்சுகம் முன்பே சொல்லிவிட்டார்: “நீங்க தண்ணியில வாங்க. நான் மேலால போறேன்.” அவரும் குணாளனும் விமானத்தில் போவதாக ஏற்பாடு.

கிளம்பும் அன்று குணாளன் ரோஜா மாலையோடு வந்திருந்தான். “போர்ட் பிளேர்ல மேளத்தோட நிப்பேன் மாமா. அங்க வந்து முதுகைக் காட்டிடாதீங்க.”

“நீ மேளத்தை மட்டும் சரியா புடி.”

படகு கிழக்கே போனது. அப்படி ஓர் ஓட்டத்தைத் தாண்டவராயன் அதுவரை அறிந்ததில்லை. காற்று இடது தோளில் சாய்ந்து தள்ள, படகு ஒரு பக்கம் ஒருக்களித்து அலையை வெட்டிக்கொண்டு போனது. மாலைக்குள் கரை மறைந்தது. இருவரும் மாறி மாறித் தூங்கினார்கள். அவர் சுக்கானில் இருந்தபோது பாய் ஒருமுறைகூடப் படபடக்கவில்லை. இனி யாரும் தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்படவும் இல்லை.

விடியும் நேரத்தில் உள்ளே இருந்த சிறிய பெட்டி கிர்ரென்று சத்தம் போட்டது. கரையிலிருந்து அனுப்பும் வானிலைச் செய்தியை எழுத்தாகக் காட்டும் பெட்டி அது. கைபேசிச் சமிக்ஞை முதல் நாளே போய்விட்டது. இனி அந்தப் பெட்டி ஒன்றுதான்.

தாண்டவராயன் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போய்ப் படித்தார். தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பு. மேற்கு நோக்கி நகரலாம்.

மறுபடி படித்தார். வாய்ப்பு. நகரலாம்.

கேப்டனம்மா அடுப்பில் ரவையைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் செய்தியை ஏற்கெனவே பார்த்திருந்தார்.

“தையில இதெல்லாம் வராதே கேப்டனம்மா?”

“வராதுன்னு இல்ல. வர்றது கம்மி.”

“உருவாகுமா?”

“ஆகலாம். ஆகாமலும் போலாம்.”

“உருவானா நமக்கு எதிர்லயா வரும்?”

“மேற்க வந்தா எதிர்லதான்.”

“என்னா பண்ணலாம்?”

“உப்புமாவுக்குக் கறிவேப்பிலை போடலாமா?”

“கேப்டனம்மா!”

“படகு யாரோடது அண்ணே?”

“என்னோடது.”

“சுக்கான்ல இப்ப யாரு முறை?”

“என்னோடது.”

கேப்டனம்மா கறிவேப்பிலையை உருவிப் போட்டார்.

தாண்டவராயன் மேலே வந்து சுக்கானைப் பிடித்தார். சூரியன் எதிரே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு மேகம் இல்லை. ‘திரும்புங்க’ என்ற சொல் கீழேயிருந்து வரும் என்று காத்திருந்தார். எத்தனை நாள் அதைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறார்! இன்று அது வந்தால் போதும், பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிடலாம். வரவில்லை. கரண்டி சட்டியில் உரசும் சத்தம் மட்டும் வந்தது.

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். ஐந்து செயலிகளும் நேற்றைய வானத்தையே காட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வைத்தார்.

மண்டபம் நினைவுக்கு வந்தது. மேளம் வந்தது. பேத்தியின் காது வந்தது. சம்பந்தி சேர்த்த அந்த ஒரு வரி வந்தது. இன்றைக்குத் திரும்பினால் புதுச்சேரி ஒரு நாள் தூரம். நாளைக்கு என்றால் இரண்டு நாள். அதற்கடுத்த நாள் எந்தக் கரையும் பக்கத்தில் இல்லை. தாழ்வு உருவானால், உருவான பிறகு அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. உருவாவதற்கு முன்னால் செய்ய ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“பாய் மாறப் போவுது,” என்று கத்தினார். “தலையைப் பாத்துக்கங்க!”

சுக்கானைத் தள்ளினார். படகு காற்றுக்குள் நுழைந்து, ஒரு கணம் நின்று, பாய் மறுபக்கம் விழுந்து நிறைந்தது. சூரியன் முதுகுக்குப் போனது.

கேப்டனம்மா இரண்டு தட்டோடு மேலே வந்தார். திசைகாட்டியைப் பார்க்கவில்லை.

“நான் திருப்பலேன்னா என்னா பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டார் தாண்டவராயன்.

“ஆறுது. சாப்பிடுங்க.”

புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த மறுநாளே அவர் விமான டிக்கெட் போட்டார். காதுகுத்துக்கு முந்தின நாள் போர்ட் பிளேரில் இறங்கினார். குணாளன் விமான நிலைய வாசலிலேயே நின்றிருந்தான். மேளம் இல்லை, வாய் இருந்தது.

“வாங்க மாமா, வாங்க. படகு எங்க, பெட்டியில மடிச்சு வச்சிருக்கீங்களா?”

“வழியை விடுடா.”

“இல்ல, அயர்ன் பண்ணணும்னா குடுங்க.”

காதுகுத்து நன்றாகவே நடந்தது. பேத்தி அழுது தீர்த்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் தாத்தாவிடம் படகைப் பற்றிக் கேட்டார்கள். கேட்காத பாதி, சாப்பிடும்போது தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சம்பந்தி மட்டும் அந்த ஒரு வரிக்காக வருத்தம் தெரிவித்தார். அது மற்ற எல்லாவற்றையும்விடக் குத்தியது.

ஊர் திரும்பியதும் தாண்டவராயன் நேராகத் துறைமுகத்துக்குப் போனார். கேப்டனம்மா படகில் உட்கார்ந்து, உப்பேறிய கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

“தண்ணித் தொட்டி ரொப்பியாச்சு,” என்றார். “மாசி இன்னும் நெறைய இருக்கு. காத்து நல்லா இருக்கு. நீங்க சொன்னா கிளம்பலாம்.”

தாண்டவராயன் உட்காரவில்லை.

“அங்க ஒரு தூறல்கூட இல்ல கேப்டனம்மா.”

“அப்படியா.”

“சம்பந்தி வீட்டு மாடியில வத்தல் காய வச்சிருக்காங்க. அவ்ளோ வெயில். அந்தத் தாழ்வு உருவாகவே இல்லையாம். வந்த எடம் தெரியாம கலைஞ்சிடுச்சாம்.”

“ஆமா. கலைஞ்சிடுச்சு.”

“போயிருந்தா போய்ச் சேர்ந்திருக்கலாம்.”

“சேர்ந்திருக்கலாம். நல்ல காத்து வேற. முன்னாடியேகூடச் சேர்ந்திருப்போம்.”

தாண்டவராயன் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு சமாதானமாவது சொல்வார் என்று நினைத்திருந்தார். கார்த்திகையில் புயல் வந்து சாட்சி சொன்னது. இப்போது சாட்சிக்கு யாரும் இல்லை.

“குணாளன் என்னைத் தொடைநடுங்கின்னு சொல்லல. சொல்லாம சிரிச்சான். நேராவே கேக்கறேன், சொல்லுங்க. வராத ஒண்ணுக்குப் பயந்து திரும்பிட்டனா? நான் செஞ்சது தப்பா?”

கேப்டனம்மா ஒரு கயிற்றைப் பிழிந்து உதறினார்.

“அது கலைஞ்சிடுச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நாம வந்து எறங்கினமே, அதுக்கு அடுத்த நாளு. துறைமுக வாசல் டீக்கடையில நின்னுட்டு இருந்தேன். டிவியில சொன்னான்.”

“அதை டீக்கடையில நின்னு தெரிஞ்சிக்கறதுக்குத்தான் அண்ணே திரும்பினோம்.”